நமசிவாய என்றால் காப்பி

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது, போகாமல் நின்றது ஒரே ஒரு சொல்தான். நமசிவாய. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் பல மாதங்கள் எங்கள் குடும்பம் ஓடியது. காப்பி வேண்டும் என்றாலும் நமசிவாய, சர்க்கரை போடாத காப்பியைத் தள்ளி வைப்பதற்கும் நமசிவாய. கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வந்ததெல்லாம் எரிச்சலும் பயமும்தான்.

அவரைப் பெரிய பக்திமான் என்று நினைத்துவிட வேண்டாம். கீரனூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கருகிப்போன மோட்டாரைப் பிரித்து, பழைய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, கைமெஷினில் புதுக் கம்பி சுற்றுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நமசிவாய. எண்ணிக்கையை மெஷின் காட்டிவிடும், கை ஒரே நிதானத்தில் போவதற்குத்தான் மந்திரம் என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு தடவை கேட்டேன். அர்த்தத்தை யோசித்தால் கம்பி தளர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

கடையில் ஆரம்பித்த பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடும்போது நமசிவாய. சாப்பிட்டு எழும்போது நமசிவாய. கொட்டாவியின் கடைசியில்கூட இழுத்து ஒரு நமசிவாய. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவள். கோயிலுக்குப் போவேன், கொடுக்கிற பொங்கலை வாங்கிச் சாப்பிடுவேன், அத்தோடு சரி. இப்படி நாள் முழுக்கக் கூப்பிட்டால் சிவன் காதில் பஞ்சை வைத்துக்கொண்டுதான் இருப்பார் என்று கிண்டல் செய்வேன். அவரும் விடாமல் பதிலுக்குப் பதில் கொடுப்பார். எங்கள் வீட்டில் சண்டைக்கும் சிரிப்புக்கும் பெரிய இடைவெளி கிடையாது.

ஒருநாள் காலையில் பல் விளக்கப் போனவர் குழாயடியில் சரிந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் காரை எடுத்தார். திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் காலும் சோர்ந்துபோயின. பேச்சு சுத்தமாக இல்லை. பேர் என்ன என்று டாக்டர் கேட்டால் உதடு அசையும், சத்தம் வராது. நாம் சொல்வது அவருக்கு நன்றாகப் புரிந்தது. பதில் சொல்ல முடியவில்லை என்பதும் அவருக்குப் புரிந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அப்படியிருக்கும்போது ஒரு மத்தியானம் நர்ஸ் அவரைத் தூக்கி உட்கார வைத்தாள். முதுகு தலையணையில் சாய்ந்ததும், பழைய குரலில், தெளிவாக, "நமசிவாய" என்றார். நர்ஸ் சந்தோஷத்தில் அடுத்த வார்டு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உங்கள் பேர் என்ன என்று கேட்டேன். நமசிவாய என்றார். நம் ஊர் எது என்று கேட்டேன். நமசிவாய. அவர் சொல்ல நினைத்தது அது இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. தான் சொன்னதைத் தானே கேட்டுத் திடுக்கிட்டுப் போய், மறுபடி முயற்சி செய்து, மறுபடியும் அதையே சொன்னார். வார்த்த பால் அப்படியே புளித்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஒரு சொல்லில் நான் பாடம் படிக்க ஆரம்பித்தேன். கடைசி எழுத்தை இழுத்தால் தண்ணீர். வெட்டிச் சொன்னால் ஃபேனைக் குறைக்க வேண்டும். பாத்ரூம் போக வேண்டும் என்றால் இரண்டு தடவை, அவசரமாக. கேபிள்காரர் வந்து அரை மணி நேரம் நோண்டிவிட்டு டிவியை முன்பைவிட மோசமாக்கிவிட்டுப் போனபோது, அவரைப் பார்த்து இவர் சொன்ன நமசிவாயவை நான் இங்கே மொழிபெயர்க்கப் போவதில்லை. கேபிள்காரர் பயபக்தியோடு கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கும்பிடோடு நின்றிருந்தால் பரவாயில்லை. திருவரங்குளத்திலிருந்து என் நாத்தனார், அவருடைய ஒரே தங்கை, பார்க்க வந்தாள். நாள்தோறும் கோயிலுக்குப் போகிறவள். அண்ணன் எதற்கும் நமசிவாய என்பதைக் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைக் கூப்பினாள். சிவன் மற்ற எல்லாப் பேச்சையும் எடுத்துக்கொண்டு தன் பேரை மட்டும் அண்ணன் நாக்கில் விட்டு வைத்திருக்கிறார், எத்தனையோ பேர் தவம் கிடந்தாலும் கிடைக்காத நிலை இது என்றாள். அஞ்சு எழுத்துக்கும் அஞ்சு பூதம் என்று எனக்கு விளக்கினாள். வீடுபேறு வேண்டுகிறவர்கள் சிவாயநம என்று திருப்பிச் சொல்ல வேண்டும், அண்ணனுக்கு அதுவும் தானாகவே வரும் என்றாள். என் புருஷன் வீடுபேற்றுக்கு அவசரப்படவில்லை என்று நான் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அண்ணனுக்கு மூளையில் அடைப்பு என்பதை அவளால் தாங்க முடியவில்லை. அருள் என்றால் தாங்க முடிந்தது. ஆனால் அவள் சொன்ன அருள் ஊர் முழுக்கப் பரவியது. முதலில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பிறகு அவர்களுக்குத் தெரிந்தவர்கள். யாரோ ஒரு பித்தளைத் தட்டில் திருநீறு கொண்டுவந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மோட்டார் கருகிப்போனால் வந்து கத்திவிட்டுப் போகிற ஆட்கள் இப்போது செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். பையனுக்குப் பொண்ணு அமையுமா, போர்வெல்லில் தண்ணீர் வருமா என்று கேட்டார்கள். இவர் வாயைத் திறந்தால் வருவது ஒன்றுதான். அது போதும் அவர்களுக்கு, நல்ல வாக்கு கிடைத்தது என்று போய்விடுவார்கள். வீடு முழுக்க வாழைப்பழம் பழுத்துக் கறுத்தது.

ஒருநாள் அப்படி ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தபோது இவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஆனந்தக் கண்ணீர் என்று வந்தவர் தன் மனைவியிடம் சொன்னார். நான் அவர் பின்னால் நின்றிருந்தேன். நாற்பது வருஷம் கூட இருந்தவளுக்கு எது ஆனந்தம் என்று தெரியாதா? அன்றைக்கு எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கதவைத் தாழ் போட்டேன்.

வாரத்துக்கு ஒரு நாள் பஸ் பிடித்துத் திருச்சிக்குப் பேச்சுப் பயிற்சிக்குப் போய்வந்தோம். பயிற்சி கொடுத்தவள் ஆவூர்ப் பக்கத்துப் பெண், கத்தோலிக்கக் குடும்பம், பேசினால் நம் வீட்டுப் பெண் மாதிரி இருப்பாள். அவளிடம் நடந்ததை எல்லாம் கொட்டினேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. அவளிடம் வந்த ஒரு பெரியவருக்கு ஒரு வார்த்தைகூட வராதாம், ஆனால் ஜெபமாலையைக் கையில் கொடுத்தால் முழு ஜெபத்தையும் ஒரு தடங்கல் இல்லாமல் சொல்லி முடிப்பாராம். ஆயிரம் தடவை சொன்னது தானாக வரும், யோசித்துச் சொல்ல வேண்டியதற்குத்தான் வழி அடைபட்டிருக்கிறது என்று படம் போட்டு விளக்கினாள். அறிவியல் டீச்சருக்கு அது புரிந்தது. பொண்டாட்டிக்குத்தான் ஒரு கேள்வி இருந்தது. இவரைப் பேசவைக்கிறேன் என்று இருக்கிற ஒன்றையும் பிடுங்கிவிடுவேனோ என்று கேட்டேன்.

"பிடுங்க வேணாங்கம்மா," என்றாள். "காலையில ஜெபிக்கிறப்ப நல்லா ஜெபிக்கட்டும். ஆனா ஒரு கேள்வி கேட்டா அதையே பதிலா எடுத்துக்காதீங்க. காத்திருங்க. எல்லாரும் அதுவே போதும்னு கும்புட்டுட்டுப் போயிட்டா, அய்யா எதுக்குங்கம்மா வேற வார்த்தை தேடணும்?"

ஆரம்ப மாதங்கள் முக்கியம், தாமதமானால் கஷ்டம் கூடும் என்றும் சொல்லி அனுப்பினாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது கீரனூர் வரும் வரைக்கும் அதுவே என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். இந்த மனிதருடைய பேச்சை இனி கேட்கவே மாட்டேனோ என்று முதல் தடவையாக நேராக நினைத்துப் பார்த்தேன். தாங்கவில்லை.

மறுநாளிலிருந்து காலையில் அவரைக் குளிப்பாட்டி, திருநீறு பூசி, நாற்காலியில் உட்கார வைத்து, எதிரில் நானும் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பிப்பார். அது வேறு நமசிவாய. இத்தனை வருஷம் அதைக் காதில் வாங்கிய நான் ஒருநாளும் கவனித்ததில்லை. பதில் சொல்லத் திணறும்போது வரும் நமசிவாயவில் கழுத்து நரம்பு புடைக்கும், கண் நம்மிடம் கெஞ்சும். காலையில் சொல்லும்போது நெற்றி தளர்ந்துவிடும். மூச்சு ஒரே சீராகப் போகும். ஒரே சொல் ஒரு நேரம் அவருக்கு வீடாக இருந்தது, இன்னொரு நேரம் பூட்டாக இருந்தது. பூட்டைத்தான் திறக்க வேண்டும், வீட்டைக் கலைக்கக் கூடாது என்று எனக்குள் ஒரு முடிவுக்கு வந்தேன்.

பயிற்சி இதுதான். இடது கையால் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டே எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். ந. ம. சி. வா. ய. என் உதட்டை அவர் பார்க்க வேண்டும் என்பதால் நானும் சொல்ல வேண்டும். சிவனுக்குப் பஞ்சு கொடுத்தவள் இப்போது அவரைக் கூவிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிறகு நடுவில் நிறுத்துவேன். நமசி என்று நான் நிறுத்தினால் அவர் வாய என்று முடிப்பார். அது வந்துவிட்டால், வா என்பதைப் பிடித்துக்கொண்டு வா, வாசல், வாழைப்பழம் என்று இழுத்துப் பார்க்க வேண்டும். வாழைப்பழத்துக்கு நம் வீட்டில் பஞ்சமா என்ன? ஆனால் வா வரைக்கும் வந்து, அடுத்த எழுத்துக்கு நாக்கு பழைய தடத்தில் போய் ய என்று விழுந்துவிடும். அவருக்குக் கோபம் வரும். கையைத் தட்டுவதை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். அடுப்படியில் போய்ப் பாத்திரத்தை உருட்டிவிட்டு வருவேன்.

கோபம் போனதென்று சொன்னால் பொய். ஆனால் ஒன்று நடந்தது. முதல் சில வாரங்கள் பயிற்சிக்காக மட்டும் சொன்னேன். பிறகு அவர் தட்டுவதை நிறுத்திய பிறகும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அஞ்சு பூதமெல்லாம் எனக்குத் தெரியவில்லை. அந்தச் சொல் வாயில் இருக்கும்போது, நாளைக்கு என்ன ஆகும் என்று கேட்பதற்கு வாய் காலியாக இல்லை, அவ்வளவுதான். கம்பி தளராமல் இருக்கத்தான் மந்திரம் என்று அவர் சொன்னதை விளையாட்டு என்று நினைத்திருந்தேன். சொல்லி முடித்து எழும்போது எனக்கு இன்னொரு நாளை ஓட்டத் தெம்பு இருந்தது. அதற்கு மேல் அதற்கு என்ன அர்த்தம் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

நாத்தனாருக்கு நான் செய்வது பிடிக்கவில்லை. நானோ வருகிறவர்களிடம் வாக்கு கேட்க வேண்டாம், உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு அவர் பதில் சொல்லும் வரை இருங்கள் என்று சொல்ல ஆரம்பித்திருந்தேன். சாமி பேரைச் சொல்கிற வாயை ஏன் அண்ணி வாழைப்பழம் சொல்ல வைக்கிறீர்கள் என்று கேட்டாள். எனக்குச் சாமி வேண்டாம், புருஷன் வேண்டும் என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். இரண்டு பேரும் சில நாள் போனில்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு பிரதோஷத்தன்று சாயங்காலம் அவளே வந்தாள். கூட ஒரு இளம் பெண். இதுதான் கடைசி, மறுக்காதீர்கள் அண்ணி என்று வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் கணவன் வளைகுடாவில் வேலைக்குப் போனவன், பல வாரமாகப் போனே இல்லை, கூட இருந்தவர்களுக்கும் விவரம் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகு போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு, "அவுக வந்துருவாகளாய்யா?" என்று கேட்டாள்.

இவர் அவளையே பார்த்தார். வாய் திறந்தது. "நம" என்று வந்தது. அங்கேயே உதட்டை மூடிக்கொண்டார். அதுவரை அவர் அப்படி நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. இடது கை நாற்காலியில் தட்டியது. மறுபடி நம என்று வந்தது, மறுபடி மூடிக்கொண்டார். என் நாத்தனார் பொறுக்க முடியாமல் மீதியை எடுத்துக் கொடுக்க வாயெடுத்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, வியர்த்து, கடைசியில் அந்த வாயிலிருந்து ஒரு சொல் துண்டு துண்டாக வெளியே வந்தது.

"தெ... தெரி... யல." மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். "தெரியலம்மா."

அறிவியல் வகுப்பில் தெரியல டீச்சர் என்று எழுந்து நின்ற எத்தனை பேரை வெளியே அனுப்பியிருப்பேன். அதைவிடச் சரியான பதிலை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. அவர் அந்தப் பெண்ணுக்கு ஒரு பொய்யைச் சொல்ல மறுத்திருக்கிறார். சொல்ல விருப்பமில்லாததைச் சொல்லாமல் நிறுத்தும் பலம் வந்த பிறகுதான் சொல்ல வேண்டியது வந்திருக்கிறது.

அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள். கேட்ட இடத்திலெல்லாம் வந்துவிடுவான், வந்துவிடுவான் என்று சொல்லி அனுப்பினார்களாம். அவள் பயத்தில் ஒரு நிமிஷமாவது அவளோடு கூட நின்றவர் யாரும் இல்லையாம். ஒங்களுக்கும் தெரியலையா என்று அவரைப் பார்த்துக் கேட்டு, அழுகையோடேயே சிரித்துவிட்டாள். இருந்து காப்பி குடித்துவிட்டுத்தான் போனாள். அவள் கணவன் பின்னால் போன் செய்துவிட்டான். வேலை பார்த்த இடம் மாறி, கையில் போனும் இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்தானாம். அதை வந்து சொன்னபோது அருள் என்று யாரும் சொல்லவில்லை, சந்தோஷம் என்று மட்டும் சொன்னோம்.

நாத்தனார் அன்று அந்தப் பெண் போனதும் காப்பி டம்ளர்களை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். ஏமாந்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்கண்ணன் கொரலு அண்ணி," என்றாள். "இத்தன நாளு நான் அத கேக்கவே இல்ல." போகும்போது அந்தத் திருநீற்றுத் தட்டை அவளே எடுத்துப் பூஜை அறையில் கொண்டுபோய் வைத்தாள். தெரியல என்று சொல்கிற சாமியாரால் யாருக்கும் பிரயோஜனமில்லை. கூட்டம் தானாகக் குறைந்தது. வாழைப்பழத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டி வந்தது.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன் பாருங்கள். அடுத்து வந்த நாட்களில் எதற்கெடுத்தாலும் தெரியல. பசிக்கிறதா என்றால் தெரியல. மாத்திரை போட்டாயிற்றா என்றால் தெரியல. காலை ஜெபம் மட்டும் ஜெபமாகவே நடந்தது, ஒரு எழுத்து மாறாமல். பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் கேட்டேன். நல்லதுதான், ஒன்று இரண்டாகிவிட்டது, இரண்டு மூன்றாகும் என்றாள். அவளுக்கென்ன, அவளா கூட இருந்து குப்பை கொட்டுகிறாள்?

ஒருநாள் மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பா ரசமா என்று கேட்டேன். தெரியல என்றார். துவையல் வைக்கட்டுமா என்றேன். தெரியல. எனக்குப் பொறுமை போய்விட்டது. கரண்டியோடு அவர் எதிரில் போய் நின்றேன்.

"எல்லாத்துக்கும் தெரியல தெரியலன்னா நான் என்னதாங்க செய்யறது? எதுத்தாப்புல நிக்கிறது யாருன்னாவது தெரியுதா?"

கோபத்தில்தான் கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு பெரிய கேள்வி என்று எனக்கே உறைத்தது. அவர் இடது கையைச் சோற்றிலிருந்து எடுத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். இழுத்துக்கொண்ட வாயில் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு வந்தது.

"தெரி... யுது," என்றார். கொஞ்ச நேரம் நாக்கால் துழாவிவிட்டு, "டீச்சர்."

எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் அவர் என்னை அப்படித்தான் கூப்பிட்டுச் சீண்டுவார். கல்யாணமான புதிதிலிருந்தே அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இன்னொரு தடவை சொல்லுங்கள், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.